வீட்டுக் கீபோர்டு: தொடுகை, சுருதி, ஒலி

கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதில் எத்தனை டோன் இருக்கிறது என்பதுதான். அட்டைப் பெட்டியின் மேலேயே டோன்களின் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதால் அந்தக் கேள்வி தானாகவே வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சில மாதம் ஆனதும் அவற்றில் ஐந்தாறு டோன்தான் புழக்கத்தில் மிஞ்சும். ஆனால் விரல் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஒலி எழ வேண்டும், ஆதார சுருதி எங்கே நிற்க வேண்டும், ஒலி எந்த வழியாகக் காதுக்கு வர வேண்டும், வாசிப்பவர் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் ஆகிய நான்கும், பெட்டியைப் பிரித்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் பல வீடுகளில் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. கற்கிறவரின் கையையும் காதையும் உருவாக்குபவை இந்த நான்கும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகைக் கருவிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, 61 கட்டைகளும் ரிதம்களும் நூற்றுக்கணக்கான டோன்களும் கொண்ட, நான்கைந்து கிலோ எடையுள்ள கீபோர்டு. இன்னொன்று, 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ. யமஹா பி-45, ரோலண்டு எஃப்பி-10 போன்றவை இரண்டாம் வகை; பதினொன்று, பன்னிரண்டு கிலோ எடை, விரல் விட்டு எண்ணக்கூடிய டோன்கள். விலை மட்டும் கீபோர்டைவிடப் பல மடங்கு. அந்தக் கூடுதல் பணம் பெரும்பகுதி கட்டைகளுக்குள்ளேதான் போயிருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு சிறு சுத்தியல் எடை இருக்கும்; இடது கோடியில் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப்போக இலேசாகவும் இருக்கும். உண்மையான பியானோவில் தடித்த மந்தரக் கம்பிகளுக்குப் பெரிய சுத்தியலும் மெல்லிய உச்சக் கம்பிகளுக்குச் சிறிய சுத்தியலும் இருப்பதால் வந்த அமைப்பு அது.

தொடுகை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை பியானோவின் பிறப்பிலேயே இருக்கிறது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி இதை உருவாக்கினார். அதுவரை புழக்கத்திலிருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டி ஒலிப்பது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலிதான் வரும். கிறிஸ்டோஃபோரி சுண்டுவதை விட்டுவிட்டு, சுத்தியலால் தட்டும் முறைக்கு வந்தார். கட்டை சுத்தியலை மேலே எறிகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அதை விட்டுவிடுகிறது. கடைசி நொடியில் சுத்தியல் சுதந்திரமாகப் பறக்கிறது. எனவே ஒலியின் அளவைத் தீர்மானிப்பது விரலின் பலமன்று, சுத்தியல் பறக்கும் வேகம். அவர் 1720-இல் செய்த பியானோ ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

மின்னணுக் கருவி இதே வேகத்தைத்தான் அளக்கிறது. கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்று நீளமாக ஓடும். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு சிறு குமிழ்கள், அவற்றின் உள்ளே கருப்பாகக் கார்பன் பொட்டு. கட்டை இறங்கும்போது ஒரு குமிழ் முதலிலும் மற்றது சில மில்லிநொடி கழித்தும் அடியிலுள்ள பலகையைத் தொடும். இந்த இடைவெளி குறைந்தால் வேகம் அதிகம். கூடினால் வேகம் குறைவு. அந்த வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாறுகிறது. விலை கூடிய மாடல்களில் மூன்றாவது தொடர்பு ஒன்றும் உண்டு. கட்டை முழுவதும் மேலெழும்முன்பே அதே சுரத்தை மறுபடி ஒலிக்க அது உதவும். ஒரே சுரத்தை விரைவாகத் திரும்பத்திரும்ப அடிக்கும்போது வித்தியாசம் கையில் தெரியும்.

அந்த எண்ணை எவ்வளவு ஒலியாக மாற்றுவது என்பதைத்தான் தொடுகை அமைப்பு முடிவு செய்கிறது. பெரும்பாலான கருவிகளில் சாஃப்ட், மீடியம், ஹார்ட், ஃபிக்ஸ்டு என்று நான்கு நிலைகள் இருக்கும். சாஃப்ட் என்றால் மெல்லத் தட்டினாலே பெரிய ஒலி எழும் என்று பொருள். ஹார்ட் என்றால் ஓங்கி அடித்தால்தான் எழும். ஃபிக்ஸ்டு நிலையில் எப்படித் தொட்டாலும் ஒரே ஒலி. ஆர்கன் டோனுக்கு அது பொருந்தும். பியானோ கற்கிற குழந்தைக்கு அந்த நிலையை வைத்துக் கொடுப்பது அதை ஹார்ப்சிகார்டு காலத்துக்குத் திருப்பி அனுப்புவதாகும். சரியாக, பிழையின்றி, ஒரே அளவில் வாசிக்கும் குழந்தையைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்கிறார்கள். சொற்களுக்கு ஏற்றம் இறக்கம் இருப்பதுபோல் சுரங்களுக்கும் உண்டு என்பதை அந்தக் குழந்தையின் விரல்கள் அறியவே இல்லை. மிக மலிவான கீபோர்டுகளில் வேக உணர்வே கிடையாது. அவற்றில் அமைப்பதற்கு எதுவும் இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் குணம் இதுதான்.

தனக்கு எந்த நிலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். நடு சி கட்டையை, காதில் விழுமளவுக்கு எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்லத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிப் பத்துத் தடவை தட்ட வேண்டும். நான்காவது, ஐந்தாவது தட்டிலேயே உச்சத்தை எட்டிவிட்டால் அந்த நிலை கைக்கு மிக இலேசு. பத்தாவது தட்டிலும் கருவி முழுக்குரலில் பேசவில்லையென்றால் மிகக் கடினம். ஏழு வயதுக் குழந்தையும் நாற்பது வயது அப்பாவும் ஒரே கருவியில் வாசிக்கும் வீட்டில் இருவருக்கும் ஒரே நிலை பொருந்தாது. அமைப்புகளைப் பதிந்துவைக்கும் நினைவகம் கருவியில் இருந்தால் ஒன்றாம் எண்ணில் குழந்தைக்கு, இரண்டாம் எண்ணில் அப்பாவுக்கு என்று பதிந்துவிடலாம்.

இதோடு ஒட்டிப் பிறந்தது வால்யூம். இதைத் தனியாகக் கருதுவதால்தான் பல வீடுகளில் தொடுகை கெடுகிறது. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று வால்யூமை அடியோடு குறைத்துவைத்தால், குழந்தை தன் ஒலியைத் தானே கேட்பதற்காகக் கட்டைகளை அறைந்து வாசிக்கப் பழகும். ஹெட்போனில் வால்யூமைக் கூட்டிவைத்தால் விரல் பயந்து மேலோட்டமாகத் தடவும். இரண்டுமே பிறகு உண்மையான பியானோவின் முன் உட்காரும்போது அம்பலமாகும். நடுத்தர வேகத்தில் தட்டிய சுரம், அதே அறையில் ஒருவர் இயல்பாகப் பேசும் குரலைவிடச் சற்று மேலே கேட்க வேண்டும்; அந்த இடத்தில் வால்யூம் குமிழைப் பென்சிலால் குறித்துவைத்துவிட்டு, அதன்பிறகு ஏற்றமும் இறக்கமும் விரலின் பொறுப்பு என்று விட்டுவிடுவதே நல்லது.

பெடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஜிட்டல் பியானோவோடு பெட்டியில் வரும் சிறிய சதுர பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பியானோ பெடல் வடிவில் உலோகத்தில் செய்த, அடியில் ரப்பர் ஒட்டிய ஒன்றைத் தனியே வாங்குவது வீண்செலவாகாது. வேறு நிறுவனத்தின் பெடலைச் செருகியதும், மிதித்தால் ஒலி நிற்கிறது, காலை எடுத்தால் நீள்கிறது என்று தலைகீழாக வேலை செய்வதுண்டு. பெடல் கெட்டுப்போகவில்லை, உள்ளிருக்கும் சுவிட்ச் எதிர்த்திசையில் அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். பல கருவிகள் ஆன் செய்யும் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ஓய்வுநிலை என்று எடுத்துக்கொள்ளும். எனவே கருவியை அணைத்து, பெடலைச் செருகி, அதில் கால் படாமல் மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உயரத்தில்தான் நம் வீடுகள் அதிகமாகத் தவறுகின்றன. கட்டில்மேல், டீப்பாய்மேல், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் குறுக்கே என்று கீபோர்டு போகாத இடமில்லை. பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து சுமார் 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உட்காரும் பலகையை ஏற்றி இறக்கி, முழங்கை கட்டையின் மட்டத்துக்கோ ஒரு விரற்கடை மேலாகவோ வரும்படி செய்ய வேண்டும். குழந்தையின் கால் தரையில் பாவாவிட்டால் அடியில் ஒரு மணைப்பலகை போட வேண்டும். தொங்கும் காலோடு முதுகு நேராக நிற்காது. சம்மணமிட்டு உட்கார்ந்து ஆர்மோனியம்போல் வாசிப்பது நம் வழக்கத்துக்கு ஒவ்வாததன்று. சுரவரிசையும் கீர்த்தனையும் வாசிக்க அது போதும். அப்போதும் கீபோர்டை வெறுந்தரையில் வைக்காமல் ஒரு பலகைமேல் ஏற்றி முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பியானோ கிரேடு தேர்வுக்குப் படிக்கிற குழந்தைக்கு மட்டும் தரை உதவாது; பெடல் அதற்கு வேண்டும்.

61 கட்டை போதுமா, 88 வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மொசார்ட் வீட்டிலிருந்த வால்டர் பியானோ ஐந்து எண்மம்தான், அதாவது 61 கட்டைகள்தான். இன்றைய 88 கட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றவை, 27.5 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறக்குறைய 4186 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் குரல் மூன்று எண்மத்துக்கு மேல் போவது அரிது என்பதால் பாட்டுக்குத் துணையாக வாசிக்கவும் கர்நாடக சங்கீதம் பழகவும் 61 தாராளம். மேற்கத்திய பியானோவில் மேல்நிலைக்குப் போகிறவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் அது கையைக் கட்டிவிடும். டிரினிடி காலேஜ் லண்டன் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. எந்தத் தேர்வு என்பதை ஆசிரியரோடு பேசி முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் முறை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

அடுத்தது சுருதி. எந்த நாட்டுக் கையேட்டிலும் கிடைக்காத, நம் வீடுகளுக்கென்றே உரிய சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன.

பெட்டியிலிருந்து வரும் கருவியில் நடு ஏ 440 ஹெர்ட்ஸில் நிற்கும். 1939-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்து, பின்னர் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏற்ற அளவு அது. வீட்டில் கருவி தனியாக ஒலிக்கும்வரை அதைத் தொட வேண்டியதில்லை. புல்லாங்குழலோடு சேரும்போது பிரச்சினை எழும். குழலின் சுருதி அதன் மூங்கிலில் வெட்டப்பட்டது, வெயில் ஏற ஏறச் சற்று ஏறவும் செய்யும். கீபோர்டில் மாஸ்டர் டியூனிங் என்ற அமைப்பைத் திறந்து, 441, 442 என்று மெல்ல நகர்த்திக் குழலோடு சேர்த்துக்கொள்ளலாம். சேர்ந்து வாசித்து முடித்ததும் 440-க்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் அடுத்த நாள் பதிவு செய்யப்பட்ட பாட்டோடு வாசிக்கும்போது எதுவும் சேராது, காரணமும் பிடிபடாது.

இதைவிட அன்றாடமானது கட்டை மாற்றம். வெள்ளைக் கட்டைகளைச் சி-யிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்றும் இடையிலுள்ள கருப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றும் எண்ணுவது ஆர்மோனியக் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஐந்து கட்டை என்றால் ஜி. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்பது பொதுவான நிலை. குழந்தை கீபோர்டில் சி-யை ஸ-வாக வைத்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை கற்கிறது: சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. அந்த விரலடைவு கையில் ஏறியபிறகு, ஐந்து கட்டையில் பாடும் அம்மாவோடு சேர வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் பொத்தான் உதவிக்கு வருகிறது. அரைச்சுரக் கணக்கில் ஏழு மேலே, அல்லது ஐந்து கீழே நகர்த்தினால், விரல் பழைய இடத்திலேயே போகும், ஒலி மட்டும் ஐந்து கட்டையில் வரும். கீழே நகர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன்; மேலே ஏற்றினால் தாரஸ்தாயியில் பல டோன்கள் கீச்சென்று மெலிந்துவிடும்.

டிரான்ஸ்போஸைச் சோம்பேறிப் பொத்தான் என்று மேற்கத்திய முறை ஆசிரியர்கள் கண்டிப்பதுண்டு. அவர்கள் பார்வையில் அது நியாயமே. நோட்டேஷன் தாளில் எழுதியிருக்கும் சுரமும் காதில் விழும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் வேறு விரலடைவு கற்பதே பாடத்தின் ஒரு பாதி. நம் சங்கீதத்தில் ஸ எங்கும் நிற்கலாம். பாடுகிறவரின் தொண்டை அதைத் தீர்மானிக்கிறது. அங்கே டிரான்ஸ்போஸ் வீணைத் தந்தியை முறுக்கி ஆதாரம் வைப்பதற்குச் சமமான செயல்தான். ஒரே குழந்தை திங்கட்கிழமை கிரேடு வகுப்புக்கும் வியாழக்கிழமை பாட்டு வகுப்புக்கும் போகிற வீடுகள் இன்று நிறைய. அங்கே முதல் வேலைக்கு டிரான்ஸ்போஸைத் தொடவே கூடாது, இரண்டாவது வேலைக்குத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்று எழுதி ஒட்டிவிடலாம்.

இன்னும் உள்ளே போனால், கட்டைகளுக்கிடையேயான இடைவெளியே கேள்விக்கு உள்ளாகிறது. கீபோர்டு ஒரு எண்மத்தைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டுகிறது. ஒவ்வொன்றும் 100 சென்ட். ஸ-விலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்புராவின் ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது தானாகவே கசியும் அந்தர காந்தாரமோ 386 சென்டில் இருக்கிறது; அது அந்தத் தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக். பதினான்கு சென்ட் என்பது தாளில் சிறிய எண். கைபேசியில் தம்புரா செயலியைச் சி-யில் ஓடவிட்டு, கீபோர்டில் ஆர்கன் டோனை வைத்து நடு சி-யையும் அதற்கு மேலுள்ள ஈ-யையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால், இரண்டும் உரசி நொடிக்குச் சுமார் பத்து முறை துடிக்கும் ஓர் அலை தெளிவாகக் கேட்கும். பியானோ டோனில் இந்த அலை ஒலி தேயும்போது சேர்ந்து மறைந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. பஞ்சமத்தில் வேறுபாடு இரண்டே சென்ட். அது யாருக்கும் உறுத்தாது.

நடுத்தர, மேல்நிலைக் கீபோர்டுகளில் ஸ்கேல் டியூனிங் என்ற அமைப்பு இருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் தனித்தனியே நகர்த்தலாம். சங்கராபரணத்துக்கு ஈ-யைப் பதினான்கு சென்ட் கீழே, பி-யைப் பன்னிரண்டு கீழே, ஜி-யை இரண்டு மேலே வைத்துப் பார்த்தால் தம்புராவோடு கருவி அமைதியாக உட்காரும். ஒரு முறையாவது இதைச் செய்து கேட்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பாட்டு கற்கும் குழந்தைக்குக் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று வாயால் விளக்குவதைவிட, இரண்டு நிலைகளையும் மாற்றிமாற்றி ஒலிக்கவைப்பது ஐந்து நிமிடத்தில் புரியவைக்கும். ஆனால் வேறு ஆதாரத்துக்கு மாறினால் இந்த அளவுகள் மாடலைப் பொறுத்துக் கட்டையோடு சேர்ந்து நகரலாம், நகராமலும் போகலாம். காதால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து மேற்கத்தியப் பாடம் வாசிக்கும்முன் எல்லாவற்றையும் சுழிக்குத் திருப்பிவிடவும் வேண்டும்.

கமகம் இதைவிடக் கடினமான கேள்வி. நிலைத்த கட்டைகளால் நம் சங்கீதத்தைத் தர முடியாது என்ற வாதம் புதிதன்று. அதே காரணத்தைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆர்மோனியத்தில் இல்லாத ஒன்று கீபோர்டில் இருக்கிறது: இடப்பக்கத்தில் பிட்ச் பெண்ட் சக்கரம் அல்லது சிறு நெம்புகோல். கர்நாடகக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துப் பெயர் பெற்ற கே. சத்தியநாராயணன், வலது கை கட்டையிலும் இடது கை பெண்டிலுமாகக் கமகங்களைக் கொண்டுவந்து இந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொன்னவர்.

வீட்டில் இதை முயல்வதற்குச் சில அமைப்புகள் தேவை. பெண்டின் எல்லை பெரும்பாலும் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்றே வந்திருக்கும். சாதாரணக் கம்பிதத்துக்கு அது பொருந்தும். ஸ-விலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு இழுக்க ஏழு வேண்டும். ஆனால் எல்லையைக் கூட்டினால் சக்கரத்தின் சிறு அசைவும் சுரத்தைத் தூக்கியடித்துவிடும், தோடியின் காந்தாரம்போல் நுட்பமாக அசைய வேண்டியது பிசகும். இரண்டில் தொடங்கிக் கை பழகியபின் கூட்டுவதே வழி. பியானோ டோனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தட்டியதுமே தேயும் ஒலியில் கமகம் நிற்க இடமில்லை. புல்லாங்குழல், வயலின், நாகஸ்வரம் போன்ற நீளும் டோன் வேண்டும். இன்னொன்று, பெண்ட் சக்கரம் அந்த நேரத்தில் வலது கையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பிடித்திருக்க வேண்டும். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை, கேசியோவின் சிடி-எக்ஸ் வரிசையில் ஐஎன் என்று முடியும் மாடல்கள், ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10 ஆகியவை இந்திய வாசிப்பை மனத்தில் வைத்து இந்தியக் கருவி டோன்களோடு வருகின்றன. டோன் எப்படியிருந்தாலும் பெண்ட் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அதைவிட அவசியம்.

தானியங்கி ரிதத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும் அந்த வசதி, சினிமாப் பாட்டை ஒரே வாரத்தில் வாசிக்கவைத்துக் குழந்தைக்கு உற்சாகம் தரும். அந்த உற்சாகம் வேண்டியதுதான். ஆனால் இடது கை தனியாக எதுவும் கற்காமல் ஒரே இடத்தில் உறைந்துவிடும். பயிற்சி நேரத்தில் மெட்ரோனோம், முடிவில் பத்து நிமிடம் ரிதம் என்று பிரித்துக்கொடுக்கும் ஆசிரியர்களே நல்ல பலனைக் காண்கிறார்கள்.

ஒலி வெளியேறும் வழிக்கு வருவோம். சிறிய டிஜிட்டல் பியானோக்களில் ஸ்பீக்கர் கருவியின் அடிப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திரும்பியிருக்கும். பி-45, எஃப்பி-10 இரண்டிலும் பக்கத்துக்கு ஆறு வாட்தான். மெத்தைமேல் வைத்தால் ஒலி பஞ்சுக்குள் போய்விடும். சுவரை ஒட்டிய ஸ்டாண்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தால் அதே ஸ்பீக்கர் வேறு கருவிபோல் திறந்து ஒலிக்கும். அடுக்குமாடி வீடுகளில் ஹெட்போன் தவிர்க்க முடியாதது. கம்பி வழி ஹெட்போனே வேண்டும். புளூடூத் ஹெட்போனில் கட்டையைத் தொட்டதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையே நூறு, இருநூறு மில்லிநொடி தாமதம் வரும், அதில் தாளம் பிடிக்கவே முடியாது. குழந்தைகளின் செவிப் பாதுகாப்புக்கு உலக சுகாதார நிறுவனம் வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் என்ற எல்லையைத் தந்திருக்கிறது. ஹெட்போனை மேசைமேல் கழற்றி வைத்த நிலையில் ஒலி தெளிவாகக் கேட்டால் வால்யூமைக் குறைக்க வேண்டும் என்பது வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை.

கணினியோடு இணைப்பது பலருக்குப் பயமூட்டுகிறது. அது தேவையற்ற பயம். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புரொஃபெட்-600 கருவியையும் ரோலண்டு ஜூபிடர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். மிடி என்ற பொதுமொழியின் முதல் பொது அறிமுகம் அது. அதற்காக டேவ் ஸ்மித்தும் இகுதாரோ காகேஹாஷியும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது பெற்றார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரு மொழியை விலையின்றிப் பகிர்ந்துகொண்ட அந்த முடிவின் பயனை இன்று நம் வீட்டுக் குழந்தை அனுபவிக்கிறது. கீபோர்டின் பின்னாலிருக்கும் சதுரத் துளைக்குப் பிரிண்டர் கேபிள் பொருந்தும். மறுமுனை மடிக்கணினிக்கு, அல்லது ஓடிஜி இணைப்பான் வழியே கைபேசிக்கு. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில், வாசிப்பது நோட்டேஷனாக எழுதப்படுவதைக் காணலாம். யமஹா சி5 கிராண்ட் பியானோவின் ஒலியைப் பதிவு செய்து இலவசமாகத் தரும் சாலமாண்டர் தொகுப்பை ஏற்றினால், மலிவான கீபோர்டிலிருந்தும் பெரிய பியானோவின் ஒலியைக் கேட்கலாம்.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கும். கீபோர்டின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். கருவியில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை ஆஃப் செய்தால் சொந்த ஒலி அடங்கும். அப்படியே விட்டால் அடுத்து வந்து கட்டையைத் தொடுகிறவருக்கு ஒலியே வராது, கருவி பழுது என்று நினைத்துவிடுவார். இரண்டாவது தாமதம். ஒலியைக் கணினி எவ்வளவு பெரிய துண்டுகளாகச் சேர்த்து அனுப்புகிறது என்பதை பஃபர் அளவு சொல்லும். 44,100 மாதிரி வேகத்தில் 512 என்றால் 11.6 மில்லிநொடி, 128 என்றால் 3 மில்லிநொடிக்கும் குறைவு. விண்டோஸில் ஏஎஸ்ஐஓ வகை டிரைவர் இல்லாமல் அந்த அளவுக்குக் குறைப்பது சிரமம். ஐபேடிலும் மேக்கிலும் இந்தத் தொல்லை குறைவு. சார்ஜர் செருகிய மடிக்கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி போகும்போது உர்ரென்ற இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் காரணம் எர்த் இணைப்பு.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது. அடாப்டர் தொலைந்துபோனால் முள் பொருந்துகிறதே என்று வேறொன்றைச் செருகுவது கருவியையே எரிக்கும். யமஹா கீபோர்டுகளில் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுள் நேர்முனை. பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் 9 வோல்ட், நடுமுள் எதிர்முனை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்; கருவியின் பின்னால் அச்சிட்ட வட்டக்குறியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இடி மின்னலின்போது அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கடலோரக் காற்றும் தூசியும் ரப்பர் பட்டையின் தொடர்புகளைக் கெடுக்கும். வாசிக்காதபோது பருத்தித் துணி மூடியிருக்க வேண்டும். பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட அனுமதித்த வீடுகளில் எறும்பு கட்டைக்குள் குடியேறும். அதற்காகப் பூச்சி மருந்தை இடுக்கில் அடிப்பது இன்னும் கெடுதல்.

பழைய கருவி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. சுத்தியல் கட்டை கொண்ட பழைய டிஜிட்டல் பியானோ, புது மலிவுக் கீபோர்டைவிட மேல் என்றே சொல்வேன். பார்க்கப் போகும்போது சொந்த ஹெட்போனை எடுத்துச் செல்ல வேண்டும். முதலில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். யமஹாவின் பல மாடல்களில் வலது கோடி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பழைய பதிவுகள் அழியும். பிறகு தொடுகையை மீடியத்தில் வைத்து, இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையையும் மிக மெல்ல ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை தட்டிக்கொண்டே வர வேண்டும். மெல்லத் தட்டியும் ஒரு சுரம் மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினால், அந்தக் கட்டையின் இரண்டு குமிழ்களில் ஒன்று அழுக்கேறியிருக்கிறது. இரண்டு மூன்று கட்டைகளில் மட்டும் என்றால் கழற்றித் துடைத்தால் சரியாகும், விலையில் குறைத்துக் கேட்டு வாங்கலாம். நடுப்பகுதி முழுவதும் அப்படி இருந்தால் ரப்பர் பட்டைகளையே மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு உதிரிப் பட்டை இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.